பவானிபூரில் இரண்டு அறைகள்

கொல்கத்தாவின் பவானிபூரில், ஹரீஷ் முகர்ஜி சாலைக்கும் ஆசுதோஷ் முகர்ஜி சாலைக்கும் இடையே செல்லும் சந்து ஒன்றில், பழைய இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்து அறைகள் இரண்டில் ஒரு தமிழ்க் குடும்பம் நெடுங்காலம் வாடகைக்கு இருந்தது. குடும்பத் தலைவி கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 1978இல் மணமகளாக அங்கு வந்தவர். தென்கொல்கத்தாப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். மகன் பெங்களூரில் வேலைக்கு அமர்ந்துவிட்டான். 2019இல் கணவர் மறைந்தார். அதன்பின் அந்த இரண்டு அறைகளும், வாசற்படியில் அவர் இடும் சிறு கோலமும், ஜதுபாபு சந்தையில் அவருக்கென்று முருங்கைக்காயை எடுத்து வைக்கும் காய்கறிக்காரரும்தான் அவருடைய உலகம்.

2022ஆம் ஆண்டு விஜயதசமிக்குப் பின் வழக்கப்படி இனிப்புப் பெட்டியுடன் வந்த வீட்டுக்காரர்களில் இரண்டாமவர், பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். "பௌதி, நீங்கள் ஏன் இந்த வயதில் வேறு வீடு தேட வேண்டும்? இந்த இரண்டு அறைகளையும் நீங்களே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்." பௌதி என்றால் அண்ணி. நாற்பதாண்டுப் பழக்கத்தில் அந்தச் சொல் வெறும் மரியாதைச் சொல்லாக இருந்ததில்லை. சொன்ன விலையும் அந்தப் பகுதியின் நிலவரத்தைவிடக் குறைவு. ஒரே மாதத்தில் அச்சாரம் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அவர் மனம் அந்தப் பேச்சில் சாய்ந்ததற்கு வலுவான காரணம் ஒன்றும் இருந்தது. 1997இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த மேற்கு வங்காள வாடகைச் சட்டத்தின்படி, வாடகைதாரர் இறந்தால் அவருடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே நீடிக்கும். கணவரைச் சார்ந்து வாழ்ந்த, வேறு இருப்பிடம் இல்லாத மனைவிக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் தனக்கென ஓய்வூதியம் பெறும் ஆசிரியை கணவரைச் சார்ந்து வாழ்ந்தவர் ஆவாரா என்ற கேள்வி எழும். வாடகைப் பற்றுச்சீட்டு கணவர் பெயரில் இருந்தது. 2024 நெருங்கிக்கொண்டிருந்தது. பணிக்கொடையும் கணவரின் சேமநல நிதியும் வங்கியில் இருந்தன. அச்சமும் கையிருப்பும் ஒருசேர இருக்கும் நேரத்தில்தான் வீடு வாங்குவோர் பெரும்பாலும் தவறுகிறார்கள். அந்த நேரத்தில் கேள்விகள் விலையைப் பற்றியவையாக மட்டுமே இருக்கும். விற்கப்படும் பொருள் எது என்ற கேள்வி எழுவதில்லை.

பவானிபூரில் அந்தக் கேள்வி மிகவும் அவசியமானது. பிளாசிப் போருக்குப் பின் மீர் ஜாபரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஐம்பத்தைந்து கிராமங்களின் தொகுதியில் அடங்கிய ஊர் அது. 1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தபின் வழக்கறிஞர்களின் குடியிருப்பாகச் செழித்தது. வழக்கறிஞர்கள் கட்டிய வீடுகளே மூன்றாம் தலைமுறையில் வழக்குகளுக்குப் பொருளாயின. முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட ஒரு வீட்டுக்கு இன்று பத்து, பதினைந்து பங்காளிகள் இருப்பது அங்கு வியப்பில்லை. வங்காளியர் அதை ஷொரிகி பாடி, அதாவது பங்காளிகளின் வீடு என்பர். உருக்குலையாமல் நிற்கும் புகழ்பெற்ற வீடுகள் சில, பொதுப் பயன்பாட்டுக்கு அளிக்கப்பட்டதால் தப்பியவை. சித்தரஞ்சன் தாஸ் தம் வீட்டைக் கொடையாக அளித்ததால் அது 1926இல் சேவா சதன் மருத்துவமனை ஆயிற்று. ஜானகிநாத் போஸ் 1909இல் கட்டிய எல்ஜின் சாலை வீடு இன்று நேதாஜி பவன் என்ற நினைவகம். அவருக்குப் பதினான்கு மக்கள். பங்கு பிரிந்திருந்தால் அந்த வீடு என்னவாகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

ஆசிரியை செய்த நல்ல காரியம், அச்சாரம் கொடுப்பதற்கு முன் கிரயப் பத்திரத்தின் வரைவைக் கேட்டு வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பெண் வழக்கறிஞரை அலிப்பூர் நீதிமன்றத்தில் சென்று பார்த்தார். வழக்கறிஞர் இருமுறை படித்தார். பிறகு பென்சிலைக் கையில் கொடுத்து, "இதில் இரண்டு அறைகள் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார்.

எங்கும் இல்லை. நான்கு கட்டா நிலமும் அதன்மேல் உள்ள கட்டடமும் சேர்ந்த சொத்தில் 'பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கு' என்றுதான் இருந்தது. கொல்கத்தாவில் ஒரு கட்டா 720 சதுர அடி. நான்கு கட்டா 2,880 சதுர அடி; தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறரை சென்ட்டுக்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒன்று 960 சதுர அடி. ஆனால் பிரிக்கப்படாத பங்கு என்பது அளந்து கயிறு கட்டிக் காட்டக்கூடிய இடமன்று. வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் மூன்றில் ஒன்று உண்டு. எந்தச் செங்கல்லும் முழுதாக இல்லை. கீழ்த்தளம் தமக்கு என்று சகோதரர்கள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டிருந்ததை இரண்டாமவர் உண்மையென்றே நம்பியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. தம்மிடம் இல்லாத ஒன்றை உண்மையான அன்புடன் விற்க முன்வந்தார்.

அந்தப் பங்கை வாங்கினால் என்ன கிடைக்கும்? கூட்டுக் குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியார், மற்றவர்களுடன் கூடி அனுபவிக்கும் உரிமையைப் பெறுவதில்லை என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. பாகப்பிரிவினை கோரி அவர் வழக்குத் தொடுத்தால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். உடன்வாரிசு ஒருவர் தம் பங்கை விற்க முன்வரும்போது மற்ற வாரிசுகளுக்கே வாங்குவதில் முன்னுரிமை என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டம். ஆசிரியை தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்தபின், ஒரு பங்குக்கு உரிமையாளராகவும் எஞ்சிய பங்குகளுக்கு வாடகைதாரராகவும் அதே அறைகளில் இருந்திருப்பார். வாடகை உரிமையின் காலம் முடிந்தபின் அங்கே இருக்கலாமா என்பதை நீதிமன்றம்தான் சொல்லியிருக்கும்.

மூன்றில் ஒன்று என்ற கணக்கும் தவறு. "இவருக்குச் சகோதரிகள் உண்டா?" என்று வழக்கறிஞர் கேட்டார். இருவர் உண்டு. ஒருவர் ஜாம்ஷெட்பூரிலும் மற்றவர் அசன்சோலிலும் வாழ்ந்தனர். "அவர்கள் கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை" என்பது வீட்டில் பலமுறை கேட்ட பேச்சு. தஞ்சைத் தரணியில் வளர்ந்தவருக்கு அந்தப் பேச்சு புதிதாகவும் தோன்றவில்லை.

சட்டம் வேறுவிதமாக இருந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் விஞ்ஞானேஸ்வரரின் மிதாக்ஷர நெறி வழங்கியது. பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாக நெறி. தந்தை உயிரோடிருக்கும்வரை மகனுக்குப் பிறப்புரிமை இல்லை, இறப்புக்குப் பின்னரே வாரிசுரிமை. ஆகவே வங்காளத்துத் தந்தையின் சொத்து முழுவதும் அவருடைய தனிச்சொத்தைப் போன்றதே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின், உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். இந்த வீட்டுக்காரரின் தந்தை 1968இல் உயிலின்றி இறந்தார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள்: ஆளுக்கு ஆறில் ஒன்று. பின்னர் தாயும் உயிலின்றி இறந்தபோது அவருடைய ஆறில் ஒன்று ஐவருக்கும் பிரிந்தது. கணித ஆசிரியை வரைவின் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தார். ஆறில் ஒன்றும் முப்பதில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் ஒன்று. 960 சதுர அடி என்று விலை பேசப்பட்டது 576 சதுர அடியாகச் சுருங்கியது. பத்திரத்தில் எவ்வளவு எழுதினாலும் விற்பவரிடம் இருந்ததுதான் வாங்குபவருக்கு வரும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது சொத்துச் சட்டத்துக்கும் பொருந்தும்.

சகோதரிகள் இவ்வளவு காலம் கேட்கவில்லையே என்ற கேள்விக்கும் சட்டத்திலேயே விடை இருந்தது. குடும்பம் வசிக்கும் வீட்டைப் பிரிக்குமாறு மகள்கள் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறியது. அது நீக்கப்பட்டது 2005இல்தான். கேட்க முடியாமற்போனது வேறு, உரிமை இல்லாமற்போனது வேறு. ஒரு பங்காளி வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பதாலேயே விலகி வாழும் பங்காளியின் உரிமை அழிந்துவிடுவதும் இல்லை.

அடுத்து வழக்கறிஞர் மூலப் பத்திரத்தைக் கேட்டார். ஒளிநகல்தான் வந்தது. மூலம் அண்ணனிடம் இருக்கிறது என்றார்கள். சில வாரங்களுக்குப் பின், அண்ணனின் வணிகக் கடனுக்காக அது ஒரு வங்கியில் இருப்பது தெரியவந்தது. கொல்கத்தா, சென்னை, மும்பை ஆகிய நகரங்களைப் பெயர் சுட்டியே, மூலப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் முறையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பத்திரம் கைமாறுவதே அங்கு அடமானம். தனியே எழுத்தும் பதிவும் இல்லாமலும் அது செல்லும். அத்தகைய அடமானம் வில்லங்கச் சான்றில் தென்படாமல் போகலாம். வங்கிகள் வைத்திருக்கும் இத்தகைய ஈடுகளைத் தொகுக்கவே 2011இல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் ஏற்பட்டது. கட்டணம் செலுத்தி யாரும் அதில் தேடலாம். ஆனாலும் மூலத்தை நேரில் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. படிகளை மட்டும் கண்டு பதிப்பிக்கப்படும் நூலில் ஐயம் எஞ்சுவதை ஆய்வுலகம் நன்கறியும். ஒளிநகலை நம்பி வாங்கும் வீடும் அத்தகையதே.

தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பவானிபூர்ச் சொத்தின் ஆவணங்கள் அலிப்பூர்ப் பதிவகங்களிலும் இருக்கலாம், கொல்கத்தாவின் ஆவணப் பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தேடிவிட்டு வில்லங்கமில்லை என்று சொல்வது அரைத் தேடல். தெருக்களும் பெயர் மாறியவை. இன்றைய சரத் போஸ் சாலை பழைய பத்திரங்களில் லான்ஸ்டவுன் சாலை. ஆசுதோஷ் முகர்ஜி சாலை முன்பு ரஸ்ஸா சாலை. வீடு பிரியும்போது கதவு எண்ணும் பிரிந்து, ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் சேரும். பழைய பெயர், பழைய எண், இறந்தவர்களின் பெயர்கள் ஆகிய அனைத்தையும் கொண்டு தேடினால்தான் சொத்தின் வரலாறு தொடர்ச்சியாகக் கிடைக்கும்.

மொழி பெயர்ந்து வாழ்பவருக்கு இன்னோர் ஆபத்து, தெரிந்த சொற்களால் வருவது. 'பட்டா' என்றால் தமிழ்நாட்டில் நிலம் யார் பெயரில் உள்ளது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. வங்காளத்தில் அதே சொல் குத்தகை ஆவணத்தையும், நிலமற்றோருக்கு அரசு வழங்கும் நில ஒப்படையையும் குறிக்கும்; பின்னது பிள்ளைகளுக்குச் சேரும், விற்க முடியாது. 'ஸெலாமி' என்று பெருந்தொகை வாங்கிக்கொண்டு குறைந்த வாடகைக்கு விடப்படும் வீட்டை, வாங்கிய வீடு என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர்கள் வாடகைதாரர்கள். அந்தத் தொகைக்குப் பெரும்பாலும் ரசீதும் இராது. 'டிக்கா' நிலம் என்பது மற்றொரு வகை: கட்டடம் குடியிருப்பவருடையது, நிலம் வேறொருவருடையது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தகைய நிலங்கள் அரசுவசம் ஆயின. அவற்றின் கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இதைத் தமிழில் விளக்க ஒரு சொல்லே போதும். ஸ்ரீரங்கத்திலும் மயிலாப்பூரிலும் கோயில் நிலத்தில் வீடு கட்டியிருப்போர் 'அடிமனை' என்று எதைச் சொல்கிறார்களோ, அது விற்பவருடையது இல்லை என்பதே பொருள்.

மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர் மாற்றியாயிற்று, வரி ரசீது இருக்கிறது என்பதும் அடிக்கடி கேட்கப்படும் ஆறுதல். அது வரி செலுத்த வேண்டியவர் யார் என்பதற்கான குறிப்பு. உரிமை அதனால் பிறப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. பொது அதிகார ஆவணத்தைக் கொண்டு நடக்கும் 'பவர்' விற்பனையால் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. பத்திரப்பதிவுகூட இறுதிச் சான்றன்று. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலையில்லை என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் உள்ள பெயருக்கு அரசே உறுதியளிக்கும். இந்தியாவில் பதிவாவது ஆவணமே; உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குபவர் தலையில் இருக்கிறது.

எல்லாம் தெரிந்தபின்னும் ஆசிரியைக்கு அந்த அறைகளை விட மனமில்லை. ஐந்து பங்காளிகளும் சேர்ந்து முறையாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, வங்கிக் கடனைத் தீர்த்து, கீழ்த்தளத்தை இரண்டாமவர் பெயருக்கு ஒதுக்கினால் வாங்குவதாகச் சொல்லியனுப்பினார். அதற்குச் சகோதரிகளின் கையெழுத்து வேண்டும். இரண்டாமவர் கேட்கத் தயங்கியதால், ஜாம்ஷெட்பூரில் இருந்தவருக்கு ஆசிரியையே தொலைபேசினார். அந்தப் பெண்மணி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா போய் ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வீட்டுக்காக என் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை" என்றார். கையெழுத்திட மறுக்கவில்லை, தமக்குரிய பங்கைத் தந்தால் இடுவதாகச் சொன்னார். பவானிபூர் வீட்டில் அதற்குப் பிறகு பேச்சுகள் கசந்தன. இனிப்புப் பெட்டி அடுத்த விஜயதசமிக்கு வரவில்லை. விற்பனையும் நடக்கவில்லை.

2024இன் தொடக்கத்தில் அவர் கரியா பகுதியில் ஒரு சிறிய பழைய அடுக்ககத்தை வாங்கினார். மெட்ரோவில் ஏறினால் பவானிபூர் தொலைவில்லை. விற்றவர் மூலப் பத்திரங்களைக் கையில் வைத்திருந்தார். முந்தைய கடன் தீர்ந்ததற்கு வங்கியின் கடிதம் இருந்தது. மாநகராட்சி அளித்த கட்டட நிறைவுச் சான்று இருந்தது. பரப்பளவைச் சுவருக்குச் சுவர் தாமே அளந்து, பத்திரத்தில் எழுதிய எண்ணுடன் ஒப்பிட்டார். கிரயப் பத்திர வரைவை மூன்று நாட்கள் பென்சிலும் கையுமாகப் படித்தார். இந்த முறை வீட்டின் நான்கு எல்லைகளும் மாடியும் கதவு எண்ணும் எழுத்தில் இருந்தன. வழக்கறிஞருக்குக் கொடுத்த கட்டணம், பவானிபூரில் கேட்கப்பட்ட அச்சாரத்தில் மிகச் சிறிய பகுதி.

வீடு மாறும்போது இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு பழுப்புக் காகித உறை கிடைத்தது. 1986ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், தந்தை இறந்த மறுவருடம், கும்பகோணத்தில் அண்ணன்மார் அழைத்துச் சென்று கையெழுத்திட வைத்த விடுதலைப் பத்திரத்தின் நகல் அது. அன்று மதியம் அவருக்குப் பட்டுச்சேலை ஒன்று எடுத்துத் தந்தார்கள். பத்திரத்தை அவர் அன்றும் படிக்கவில்லை, பிறகும் படித்ததில்லை. மூட்டைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதன்முறையாகப் படித்தார். ஊர் வீடும், கொல்லையும், வாய்க்கால் கரை நிலமும் நான்கு எல்லைகளுடன் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. எல்லைகளில் பிழையில்லை. படித்து முடித்ததும் கரியா வீட்டின் பத்திரம் இருந்த கோப்பிலேயே அதையும் சேர்த்து வைத்தார்.